நான் முன்மொழிந்த வேட்பாளர்

கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த சைவக் கடையில் தேத்தண்ணி போடுகிறவனுக்கு எப்போதும் ஒரே பெயர்தான். ஆள் மாறும், பெயர் மாறாது. எனக்கு முன்னால் அந்த அடுப்படியில் நின்றவர் மலாயாவுக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன உடுக்கிற சாரம் ஒன்றும் துவாய் ஒன்றும் கொடியில் கிடந்தன. பெயரும் அப்படித்தான் கிடந்தது. வந்த முதல் நாளே முதலாளி அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டார். என்னை என்று தெரியாமல் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டாம் தரம் உரத்துக் கூப்பிட்டார்.

“இஞ்ச பார், உன்ர பேரை ஆர் ஞாபகம் வைச்சிருக்கிறது? துறைமுகத்துக்குப் போறவன் விடிய அஞ்சு மணிக்கு வாசல்ல நிண்டு ஒரு பேரைச் சொல்லிக் கத்துவான். அந்தப் பேருக்குத் தேத்தண்ணி வரவேணும். பேர் மாறினால் தேத்தண்ணியும் மாறிப்போச்செண்டு நினைச்சு அங்கால கடைக்குப் போயிடுவான். விளங்கிச்சோ?”

“ஓம்” என்றேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆட்களோடு கதைப்பது கஷ்டம். வாத்தியார் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்திருந்தாலும் எழும்பிச் சொல்ல மாட்டேன். படிப்பு ஏறாத பிள்ளை என்று ஐந்தாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள். அதனால் கடையில் இன்னொருவருடைய பெயரோடு நிற்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. யாராவது ஏசினால் அந்த ஏச்சு மலாயாவில் இருக்கிறவருக்கு என்று எண்ணிக்கொள்வேன். இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அப்படித்தான் இருந்தேன்.

நான் முன்மொழிந்த வேட்பாளரை முதன்முதலில் பார்த்தது யுத்த காலத்தில். துறைமுகப் பக்கம் குண்டு விழுந்தபின் பாதிச் சனம் கொழும்பை விட்டுப் போய்விட்டது. மிச்சச் சனம் கூப்பன் அரிசிக்காக ஒழுங்கையைச் சுற்றி வரிசையில் நின்றது. வரிசையில் அடிபிடி நடக்கும். வயது போனவர்களை இடித்து விழுத்துவார்கள். ஒருநாள் காலையில் வெள்ளைச் சேர்ட்டுப் போட்ட ஏழெட்டு வாலிபர்கள் வெள்ளவத்தையிலிருந்து வந்து அந்த வரிசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் தலைவராக வந்தவர் மெலிந்து உயர்ந்தவர், சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். தகப்பன் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். மகன் கையில் ஒரு தகரக் குழலை வைத்துக்கொண்டு தமிழில் ஒருதரம், சிங்களத்தில் ஒருதரம் கத்தினார். சிங்களம் அப்போது அவருக்குச் சரியாக வராது. வரிசையில் நின்ற சிங்களப் பெண்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, சரியான சொல் என்ன என்று அவர்களிடமே கேட்டார்.

பிறகு அவர் எங்கள் கடையின் பின் வாங்கிலேயே குடியிருந்தார் என்று சொல்லலாம். துறைமுகக் கூலிகளுக்கு மனு எழுதிக் கொடுத்தார். தேத்தண்ணியை வாங்கில் இருந்து குடிக்க மாட்டார். அடுப்புக்குப் பக்கத்தில் என்னோடு நின்றுதான் குடிப்பார். என்னை “அண்ணை” என்பார். எனக்கு நாலைந்து வயதுதான் இளையவர். ஆனாலும் நான் அவரைத் தம்பி என்றோ ஐயா என்றோ ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எப்படிக் கூப்பிடுவது என்று என்னால் முடிவுகட்ட முடியவில்லை.

“அண்ணையிட்ட ஒரு சொல்லு வாங்கிறது கப்பலைக் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி” என்பார். “அண்ணை, இண்டைக்கு ஆர் வந்தது, என்ன கதைச்சவை?”

“தேத்தண்ணி குடிச்சவை” என்பேன். அவர் சிரித்துச் சிரித்துக் கோப்பையைச் சிந்துவார்.

கட்சிப் பெரியவர்கள் அவரை வாலிபர் அணிக்குத் தலைவராக்கினார்கள். பெரியவர்கள் காரில் வந்து மேடையில் ஏறினார்கள். அவர் மேடைக்குக் கதிரை சுமந்தார், நோட்டீஸ் ஒட்டினார், மழை வந்தால் பெரியவர்களுக்குக் குடை பிடித்தார். ஐந்து வருடம் அப்படி ஓடியது. யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்ற பேச்சு எழுந்து, பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது அவருக்கு முப்பது வயதாகவில்லை. எங்கள் பகுதிக்குக் கட்சி யாரை நிறுத்தும் என்பது கடையில் தினமும் அலசப்பட்டது. பெரியவர்களுக்குத் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை எடுத்துச் செய்யும் கொந்தராத்துக்காரர் ஒருவரில் கண். அவர் கட்சிக்காரர் அல்ல, ஆனால் வசதியானவர், அழைத்தால் வந்துவிடுவார். வாலிபர்கள் கட்சி அலுவலகத்து வாசலில் மூன்று நாள் இருந்தார்கள். கடைசியில் இடம் அவருக்கே கிடைத்தது. கொந்தராத்துக்காரர் கோபித்துக்கொண்டு சுயேச்சையாகக் கேட்கப்போவதாகச் சொன்னார்.

இடம் கிடைத்த அன்று அவர் கடைக்கு வந்து அடுப்பருகில் நின்றார். சந்தோஷமாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். முகம் வாடியிருந்தது.

“அண்ணை, இந்த ஒருக்காத்தானாம். பெரியவர் கூப்பிட்டுச் சொன்னவர். இதில ஏதும் பிசகினால் வாலிபர் அணியையும் வேற ஆளிட்டக் குடுத்துவிடுவினமாம். வீட்டில அப்பாவும் இதையேதான் சொல்லுறார். இந்த எலெக்சனுக்குப் பிறகு அரசியல் எண்டு வாய் திறக்கக்கூடாதாம், வெண்டால் ஒழிய. அஞ்சு வருசம் நான் செய்ததெல்லாம் ஒரு நாளில எண்ணப் போகினம்.”

நான் இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும்?

இனி என்னுடைய பிழைக்கு வருகிறேன். வேட்பாளர்கள் நியமனப் பத்திரம் கொடுக்கும்போது அதே தொகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அந்தக் காலத்தில் வேட்பாளர்கள் டாக்டர், கோட்டில் வழக்குப் பேசும் அப்புக்காத்து, முதலியார் என்று பார்த்துப் பெரிய மனிதர்களையே முன்மொழியச் செய்வார்கள். யார் முன்மொழிந்தார் என்பதைப் பத்திரிகையில் போடுவார்கள். அதைப் பார்த்தே பாதிச் சனம் வேட்பாளரை எடைபோடும். கொந்தராத்துக்காரரை, வெள்ளைக்கார அரசாங்கத்திடம் ‘சேர்’ பட்டம் பெற்ற ஒருவர் முன்மொழியப் போகிறார் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

மைதானத்தில் மாலைக் கூட்டம் ஒன்று நடந்தது. நான் கடையிலிருந்து மேடைக்குத் தேத்தண்ணி கொண்டு போயிருந்தேன். அவர் பேசிக்கொண்டிருந்தார்.

“அவையளுக்குப் பட்டக்காரர் முன்மொழியினம். எங்களுக்கு ஆர்? உங்களுக்குத் தினமும் விடியக் காலமை தேத்தண்ணி ஊத்தித் தாறவர் முன்மொழிவார்!” என்றார். பிறகு என்னுடைய கடைப் பெயரைச் சொன்னார்.

மைதானம் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது. துறைமுகத்து ஆட்கள் துவாயைச் சுழற்றினார்கள். யாரோ என் கையிலிருந்த தட்டை வாங்கி, என்னை மேடையில் தள்ளிவிட்டார்கள். நான் கும்பிட்டேன். அவர் தன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். சனம் கத்தக் கத்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தால் என்று நினைத்தார்கள். ஆனால் எனக்கு ஒரு காட்சிதான் கண்ணில் நின்றது. வாக்காளர் பட்டியல் எழுத வந்தவர் எங்கள் கடை வாங்கில் இருந்து, மாடியில் தங்கியிருக்கிற ஆட்களின் பெயர்களை முதலாளியிடம் கேட்டு எழுதினார். முதலாளி தோசைக்காரரின் கடைப் பெயரைச் சொன்னார், என்னுடைய கடைப் பெயரைச் சொன்னார். எழுத வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். அது என் பெயர் இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டியலில் இருந்தது மலாயாவுக்குப் போனவருடைய பெயர். அவருடைய தகப்பன் பெயரும் சேர்ந்து கிடந்தது.

அடுத்த நாள் முதலாளியிடம் இதைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி சிரித்தார்.

“பட்டியல்ல கிடக்கிற ஆள் எங்க இருக்கிறான்? இந்தக் கடையில, தேத்தண்ணி அடுப்படியில. நீ எங்க நிக்கிறாய்? இந்தக் கடையில, தேத்தண்ணி அடுப்படியில. பிறகென்ன? போய் ஒப்பம் வைச்சிட்டு வா. கடைக்கும் பேர்தானே.”

“தகப்பன்ர பேர்...” என்றேன்.

“உன்ர கொப்பர் வந்து வழக்குப் போடப் போறாரோ?”

ஒப்பம் வைக்க ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கோட்டையிலிருந்து கடற்கரை ரெயிலில் போனேன். வழி நெடுக ஒரே வசனத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு போனேன். “பட்டியலில் இருக்கிறது என் பெயர் இல்லை.” இவ்வளவுதான். கொள்ளுப்பிட்டியில் ரெயில் நின்றபோது வாய்விட்டும் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். எதிரே இருந்த பெண் தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அவருடைய வீடு கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. விறாந்தையில் பத்துப் பதினைந்து வாலிபர்கள் துணிக் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி. எழுத வாசிக்கத் தெரியாத சனமும் நிறத்தைப் பார்த்து வாக்குச் சீட்டைப் போடும். நியமனம் முடிந்த பிறகுதான் யாருக்கு எந்த நிறம் என்று தெரியவரும். எந்த நிறம் வந்தாலும் அன்றைக்கே ஊரெல்லாம் கொடி கட்டிவிட வேண்டும் என்று அவர்கள் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் நாலும் சேர்த்திருந்தார்கள். துணிக்குக் கூப்பன் இருந்த காலம். தங்கள் வீட்டுக் கூப்பன்களையெல்லாம் அதற்குக் கொடுத்திருந்தார்கள். ஒருவன் மஞ்சளை விரித்துப் பிடித்து, “இது வராட்டி என்ர தங்கச்சிக்குப் பாவாடை” என்றான். மற்றவன், “உன்ர தங்கச்சி இப்பவே கும்பிடத் தொடங்கியிருப்பாள், எங்களுக்கு மஞ்சள் வரக்கூடாதெண்டு” என்றான்.

உள்ளே மேசையில் அவரும், அவரோடு சட்டம் படித்து, வழக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் புரக்கிறாசியாக இருந்த ஒருவரும் இருந்தார்கள். புரக்கிறாசி குள்ளமான, பயந்த சுபாவமுள்ள மனிதர். அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தபடியே நான் கதவருகில் நின்றேன்.

“ரெண்டாவது பத்திரம் ஒண்டையும் குடு மச்சான். டாக்டரிட்ட ஒப்பம் வாங்கி நான் தாறன். ஒண்டில பிழை பிடிச்சால் மற்றது நிக்கும். எல்லாரும் அப்படித்தானே செய்யினம்.”

“வேண்டாம். டாக்டரின்ர பத்திரத்தையும் கொண்டு போனால், அண்ணையின்ர பத்திரம் பகிடிக்கு எண்டு ஆகிவிடும். சனத்துக்கு முன்னால சொல்லிப்போட்டன். ஒரு பத்திரம்தான்.”

“சட்டம் சனத்தைப் பாக்காது.”

“நான் சனத்தைத்தான் பாக்கிறன்.” அவர் திரும்பி என்னைக் கண்டார். எழுந்து வந்து கையைப் பிடித்தார். “வாங்கோ அண்ணை, வாங்கோ. உங்களைப் பற்றித்தான் சண்டை.”

அவருடைய தாய் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் ஊற்றாத தேத்தண்ணியைக் கதிரையில் இருந்து குடித்தது அன்றைக்குத்தான். அந்த அம்மா மெதுவாக, “நாலு நாளாய் வடிவாச் சாப்பிடேல்லைத் தம்பி. தகப்பனும் மகனும் ஒரு மேசையில இருக்கினமில்லை. இது ஒண்டு நல்லபடி முடிஞ்சால் காணும்” என்றார். பிறகு, “நீங்கள் தானாம் பிள்ளைக்குக் கை குடுக்கிறீங்கள்” என்று கும்பிட்டார்.

அவர் பத்திரத்தை என் முன் வைத்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அண்ணை, ஏதும் கதைக்க வேணுமோ?”

ரெயிலில் சொல்லி வந்த வசனம் மறந்துபோகவில்லை. இரண்டாவது பத்திரத்தைப் பற்றிய பேச்சு முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் புரக்கிறாசி அப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்பார். அது எனக்கு அன்றைக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிறார், அவர் இவ்வளவு பெருமையோடு பார்க்கிறார், வாசலில் வாலிபர்கள் துணியை வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள்.

“இல்லை, ஒண்டுமில்லை” என்றேன். மலாயாவுக்குப் போனவருடைய பெயரைத் தமிழில் எழுத்து எழுத்தாக எழுதி ஒப்பம் வைத்தேன். பேனை மை கொஞ்சம் பரவியது. அவர் ஊதி ஊதி அதைக் காய வைத்தார்.

நியமன நாளன்று கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தின் வளவில் சனம் நிறைந்திருந்தது. வாலிபர்கள் நாலு நிறத் துணிச் சுருளையும் லொறியில் வைத்துக்கொண்டு வெளியே நின்றார்கள். எங்கள் கடைக்கு எதிரே சாரக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். “என்ன தம்பி, கூட்டத்துல சொன்ன ஒங்கட பேரு பேப்பர்ல வந்தீக்கிதே, பாத்தீங்களா? இனிமே ஒரு தேத்தண்ணிக்கு ஒம்பது தரம் கெஞ்சணும் போல” என்று என் முதுகில் தட்டினார்.

உள்ளே நீண்ட மேசைக்குப் பின்னால் பத்திரங்களை வாங்கும் அதிகாரி இருந்தார். வெள்ளைக்காரத் துரை. பக்கத்தில் துவிபாஷி நின்றார், துரை பேசுவதைத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்கிறவர். எங்கள் பத்திரத்தைக் கொடுத்தோம். துரை பட்டியலில் இலக்கத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கொந்தராத்துக்காரரின் பத்திரங்கள் நாலு. அவற்றையும் வாங்கினார். பிறகு ஆட்சேபம் சொல்வதற்கென்று நேரம் விட்டார்கள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

கொந்தராத்துக்காரரின் கிளாக்கர் ஒருவர் முன்னே வந்தார். அவர் கையில் ஒரு கடித உறை. அந்த மனிதர் மலாயாவுக்குப் போனவருடைய ஊர்க்காரர், மைத்துனர் முறை என்று பிறகுதான் அறிந்தேன். யுத்தம் முடிந்து மலாயாவிலிருந்து கடிதம் வரத் தொடங்கியிருந்தது. “இந்தப் பெயருக்குரிய ஆள் இப்போது மலாயாவில் இருக்கிறார், இதோ அவருடைய கடிதம். இங்கே நிற்கிறவர் வேறு ஆள்” என்று கொந்தராத்துக்காரரின் அப்புக்காத்து இங்கிலீசில் சொன்னார். துவிபாஷி எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

எங்கள் புரக்கிறாசியின் முகம் வெளிறிப்போனது. அவர் என்னைப் பார்த்தார். எங்கள் வாலிபர் அணித் தலைவரும் என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் சந்தேகமே இல்லை. இந்தப் பொய்யை இப்போது அண்ணை உடைத்துவிடுவார் என்ற நம்பிக்கைதான் இருந்தது.

துரை என்னை விரலால் அழைத்தார்.

“துரை கேக்கிறார்” என்றார் துவிபாஷி. “இந்தப் பட்டியல்ல பேர் உள்ள ஆள் நீர்தானோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். கொட்டாஞ்சேனையில் பாதிப் பேர் சாட்சி சொல்லியிருப்பார்கள். பொய் சொன்னால் மறியலில் பூட்டி வைப்பார்கள் என்று யாரோ முதல் நாள் கடையில் கதைத்தது நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தால் நான் வாய் திறந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அது சரியல்ல. பயம்தான் கூட இருந்தது. அதற்கு மேலே, அத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் நேராகக் கேட்காத ஒரு கேள்வியை முதன்முதலாக ஒருவர் கேட்டுவிட்டார் என்ற திகைப்பும் இருந்தது.

“இல்லை” என்றேன்.

துவிபாஷி அதை ஒரே சொல்லில் இங்கிலீசில் சொன்னார். புரக்கிறாசி அவசரமாக எழுந்து ஏதோ வாதாடினார். துரை கையை உயர்த்தி, மணிக்கூட்டைக் காட்டினார். புதுப் பத்திரம் கொடுக்க நேரம் கடந்துவிட்டிருந்தது. எங்கள் பத்திரத்தின் குறுக்கே எழுதி ஒரு பக்கமாக வைத்தார்.

வெளியே படியில் புரக்கிறாசி என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அழுகை வந்திருந்தது. “ஏன் காணும் இல்லையெண்டு சொன்னீர்? கடையில என்னை அப்படித்தான் கூப்பிடுவினம், பட்டியல் எழுதினவர் என்னைத்தான் எழுதினவர் எண்டு சொல்லியிருந்தால் நான் நிண்டு வாதாடியிருப்பனே! அதுவும் உண்மைதானே? அதுதானே நடந்தது?”

ஆம், அதுதான் நடந்தது. அந்த உண்மையைச் சொல்ல நாலைந்து வசனம் வேண்டும். என்னிடம் ஒரு சொல்தான் இருந்தது.

தலைவர் புரக்கிறாசியின் கையை எடுத்துவிட்டார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அண்ணை” என்றார். “உங்கட பேர் என்ன?”

ஐந்து வருடமாக என் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்தவர். நான் என் பெயரைச் சொன்னேன். அவர் அதைத் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். பிறகு படியால் இறங்கி லொறியைப் பார்த்துப் போனார். லொறியிலிருந்த வாலிபர்கள் அவர் வருவதைக் கண்டு, “என்ன நிறம்? என்ன நிறம்?” என்று கத்தினார்கள்.

அதன் பிறகு கடையில் என்னை யாரும் குறை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. முதலாளி மட்டும் ஒரு கிழமை முகம் கொடுக்காமல் இருந்தார். பிறகு பழைய பெயராலேயே மறுபடி கூப்பிடத் தொடங்கினார். துறைமுகத்து ஆட்கள் விடியற்காலையில் அதே பெயரைக் கத்தினார்கள். நானாதான் ஒருநாள் தனியாக, “ஒங்கள்ட பொல்லாப்பு இல்ல தம்பி, கேட்டவன்ட பொல்லாப்பு” என்று சொன்னார். அது ஆறுதலுக்குச் சொன்னது.

தலைவர் கொட்டாஞ்சேனைப் பக்கம் வரவில்லை. வாலிபர் அணியை வேறொருவரிடம் கொடுக்கப் போகிறார்களாம், அவர் லண்டனுக்குப் படிக்கப் போகிறாராம் என்றெல்லாம் கேள்விப்பட்டேன். இரவல் பெயரில் ஒப்பம் வைத்த கையோடு ஒவ்வொரு நாளும் கோப்பை கழுவினேன். ஒருமுறை அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கி, எப்படி விளிப்பது என்று தெரியாமல் கிழித்துப் போட்டேன்.

வாக்களிப்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது லொறி ஒன்று ஒலிபெருக்கியோடு எங்கள் வீதியால் வந்தது. பச்சைக் கொடிகள். பச்சை கொந்தராத்துக்காரருடைய நிறம். குரல் எனக்குத் தெரிந்த குரல். கையில் இருந்த தேத்தண்ணிக் குவளையோடு வாசலுக்கு ஓடிவந்து பார்த்தேன். லொறியின் முன்பக்கம் கொந்தராத்துக்காரருக்குப் பக்கத்தில் அவர் நின்றார். சிங்களத்தில் பேசிக்கொண்டு வந்தார். இப்போது அவருடைய சிங்களத்தில் ஒரு பிழை இல்லை. கட்சி கொந்தராத்துக்காரரோடு சமாதானமாகிவிட்டது என்றும், வாலிபர் அணி அவருக்கே இருக்கும் என்றும், அடுத்த முறை மாநகரசபையில் ஓர் இடம் உறுதி என்றும் வாங்கில் இருந்தவர்கள் கதைத்தார்கள். பின்னால் ஓடிவந்த வாலிபர்களில், வெள்ளவத்தையில் துணி விரித்த ஒருவனையும் கண்டேன். பச்சைத் துணி வீண்போகவில்லை.

அன்று பின்னேரம் அவர் கடைக்குள் வந்தார். முன்னைப்போல நேரே அடுப்படிக்கு வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். நான் கோப்பையை ஊற்றிக் கொடுத்தேன்.

“சுகமாய் இருக்கிறீங்களே?” என்றார்.

“ஓம்.”

“எனக்கு உங்களில கோவமில்லை, அண்ணை. என்ர பிழையும் இருக்கு. ரெண்டாவது பத்திரம் குடுத்திருக்க வேணும். அரசியலில எண்டால் எப்பவும் ரெண்டு பத்திரம் வைச்சிருக்க வேணும் எண்டு படிச்சிட்டன்.” சிரித்தார். அது பழைய சிரிப்பல்ல, கோப்பையும் சிந்தவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். “இந்த வட்டாரத்தில போட்டி நெருக்கமாய்க் கிடக்கு. ஒவ்வொரு வாக்கும் வேணும். உங்கட கடைப் பேர் பட்டியல்ல இன்னும் இருக்குத்தானே. அதைச் சொல்லிப் போய்ப் போடுங்கோ. பச்சைப் பெட்டி. ஒருத்தரும் கேளாயினம், வாசல்ல நிக்கிறது எங்கட ஆக்கள்தான். அந்த ஆட்சேபம் சொன்ன கிளாக்கரிட்டயும் கதைச்சிட்டன்.”

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி பண்ணுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. அவருக்கு அது ஒரு சின்ன விஷயம். பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது, வீணாகக் கிடக்கிறது, அவ்வளவுதான். முன்பு மனு எழுதிய வாங்கில் இப்போது பச்சைத் துண்டு கட்டிய இரண்டு பேர் இருந்து தோசை தின்றுகொண்டிருந்தார்கள்.

அவரை இந்த வழிக்குத் தள்ளியது நான்தானோ என்று அந்த இடத்திலேயே எண்ணினேன். வெள்ளவத்தையில் நான் வாய் திறந்திருந்தால் அவர் வேட்பாளராக நின்றிருப்பார். வென்றிருப்பாரோ, தோற்றிருப்பாரோ தெரியாது. தோற்றாலும் தன்னுடைய நிறத்துக்காகத் தோற்றிருப்பார். இல்லை, இந்த மனிதர் அந்த மனிதருக்குள் முன்பே இருந்தவர்தானோ? அடுப்பருகில் நின்று என்னைக் கப்பலோடு ஒப்பிட்டுச் சிரித்தபோதும், பெயர் கேட்க நினைக்காத மனிதராகத்தான் இருந்தாரோ? இந்த இரண்டில் எது சரியென்று என்னால் இன்று வரைக்கும் முடிவுக்கு வர முடியவில்லை. சில நாள் ஒன்று, சில நாள் மற்றது.

“போடுவீங்கள் தானே, அண்ணை?”

“ஓம்” என்றேன்.

அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். கச்சேரிப் படியில் கேட்டு வாங்கிய என் பெயர் அவருக்கு ஞாபகம் இருந்ததோ என்று தெரியவில்லை. சொல்லவில்லை.

வாக்களிப்பு நாளன்று பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வரிசை நின்றது. முதலாளி முழுக்குப் போட்டு, சால்வை போட்டுக்கொண்டு போய்விட்டு வந்தார். தோசைக்காரர் தன் கடைப் பெயரில் போய் வாக்குப் போட்டுவிட்டு வந்து, “ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை, நீயும் போவன்” என்றார். நான் தண்ணீர் கொதிக்கிறது என்றேன். வரிசையில் நின்றவர்கள் குடிக்க வர வர ஊற்றினேன். நாலு மணிக்கு வாலிபன் ஒருவன் ஓடிவந்து, “அண்ணை, தலைவர் கேக்கச் சொன்னவர், போட்டாச்சோ?” என்றான். அவனுக்கும் ஒரு தேத்தண்ணி கொடுத்தேன். அவன் குடித்து முடிக்கும்போது வாக்குப் பெட்டிகளை மூடும் மணி அடித்தது.